ஈறு பார்க்கிற எழிலரசி

எழிலரசிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது எதிரில் நின்று சிரித்தால் அவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டாள், ஈறைத்தான் பார்ப்பாள். பஸ் கண்டக்டர் சிரித்தாலும் அப்படித்தான், அவளைப் பெண் பார்க்க வந்தவன் சிரித்தபோதும் அப்படித்தான். பையன் எப்படி என்று வீட்டில் கேட்டதற்கு, "ஆள் பரவால்ல, கீழ் ஈறுல ரத்தம் கசியுது" என்று சொல்லி அப்பா சடையனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். தேவிகாபுரத்துப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம் அது. அந்தக் குடும்பத்தில் சம்பள வேலைக்கு வந்த முதல் ஆள் அவள். ஆரணியில் ஒரு பல் டாக்டரிடம் கருவிகளைக் கழுவி, கொதிக்கவைத்து, கேட்டதை எடுத்துக் கொடுக்கிற வேலை. அதிலிருந்து அவளைக் கைதூக்கி விட்டது ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரில் கற்ற பாதிப் பாடம்தான் பிறகு அவளைக் குப்புறத் தள்ளப் பார்த்தது.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம். ஆரணி வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளின் ஈறுகளைப் பார்த்துக் கணக்கெடுப்பது என்று ஒரு திட்டம் வந்தது. அதற்குப் பொறுப்பாக வந்தவர் டாக்டர் மாணிக்கவேல். மூக்கு நுனியில் கோபம், ஆனால் வேலையில் சுத்தம். இத்தனை வாய்களைப் பார்க்கப் பல் டாக்டர்களுக்கு எங்கே போவது? உள்ளூர்ப் பெண்களைப் பழக்கிவிடலாம் என்றார். ஒருத்தி நல்ல ஈறு என்றதை இன்னொருத்தி வீங்கின ஈறு என்றால் கணக்கு சந்தி சிரித்துவிடும். எல்லோருடைய கண்ணும் ஒரே கண்ணாக வேண்டும். அதற்கு ஒரு சி.டி. கொண்டுவந்திருந்தார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் எல்லப்பன் என்பவர் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் பயிற்சி. கீழே களம்பூர் நெல் லாரிகள் ஆரன் அடித்துக்கொண்டு போகும்; மேலே பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்திருப்பார்கள். எழிலரசி அதுவரை மவுஸைத் தொட்டதில்லை. முதல் நாள் அதை மேசையிலிருந்து தூக்கித் திரைக்கு நேராகக் காட்டினாள். எல்லப்பன் விழுந்து விழுந்து சிரித்தார்.

பாடம் எளிதுதான். திரையில் ஒரு பிள்ளையின் வாய் வரும். பல்லைச் சுற்றியுள்ள சதையைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். ஆரோக்கியமான ஈறுக்குச் சுழி. லேசாகச் சிவந்து தடித்திருந்தால் ஒன்று. கருவியால் தொட்டதும் ரத்தம் வந்தால் இரண்டு. தொடாமலே வடிந்தால் மூன்று. போட்டு முடித்ததும், பெரிய டாக்டர்கள் அதே வாய்க்கு என்ன போட்டார்கள் என்று கம்ப்யூட்டர் காட்டும். ஒத்துப்போனால் பச்சை விளக்கு. ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு, கூடவே மிதிபட்ட எலி கத்துவதுபோல ஒரு சத்தம்.

எழிலரசியின் கம்ப்யூட்டரில் எலி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. மாணிக்கவேல் பின்னால் வந்து நின்றார்.

"இந்த ஈறுக்கு என்னம்மா குறை? எதுக்கு ஒண்ணு போட்டே?"

"குறையே இல்ல சார், தங்கமா கீது. நல்லா இருக்கிற புள்ளைக்குப் போயி எப்பிடி சார் முட்டை போடறது?"

மற்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மாணிக்கவேல் சிரிக்கவில்லை. "இது பரீட்சை பேப்பர் இல்ல. கடைசிப் பரீட்சையில கம்ப்யூட்டரோட ஒத்துப்போகாதவங்க பழைய வேலைக்கே போகலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அன்று முதல் எழிலரசி சாப்பாட்டு இடைவேளையிலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு முட்டை போடப் பழகினாள். கடைசிப் பரீட்சையில் எலி அபூர்வமாகத்தான் கத்தியது. அவளுடைய கண்ணும் பெரிய டாக்டர்களின் கண்ணும் ஒன்று என்று கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது. மாடிப்படி இறங்கும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பயிற்சியின் கடைசிப் பாடத்தில் எப்போதாவது கண்ணில் படக்கூடிய வாய்களைக் காட்டினார்கள். அதில் ஒரு படம். ஈறு கொத்துக் கொத்தாக வளர்ந்து பல்லைப் பாதிக்கு மேல் மூடியிருந்தது. "வலிப்புக்குக் குடுக்கிற ஒரு மாத்திரை சில பிள்ளைங்களுக்கு இப்படிப் பண்ணும்" என்றார் மாணிக்கவேல். "பார்த்தா எழுதிட்டு எங்கிட்ட அனுப்பு. நீயா ஒண்ணும் சொல்லாதே." முதல் வாக்கியம் எழிலரசியின் மண்டையில் பசைபோட்டு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது வாக்கியம் அந்தக் காதில் நுழைந்து இந்தக் காதில் போனது.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று நம் ஆட்கள் கேலியாகச் சொல்லிவைத்திருக்கிறார்கள். கேலிதான், ஆனால் அரை வைத்தியத்தின் ருசி தெரிந்தவன் சொன்ன கேலி.

ஆடி மாசம் நெசவாளர் தெருப் பள்ளிக்கூடத்தில் முகாம். பிள்ளைகள் வரிசையாக வந்து வாயைத் திறந்தார்கள். எழிலரசி டார்ச் அடித்துப் பார்த்து மதிப்பெண் சொல்லச் சொல்ல, கூட வந்தவள் எழுதிக்கொண்டாள். ஐந்தாம் வகுப்பு காவ்யாவின் முறை வந்தது. வரிசையில் நின்றபோதே கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த பிள்ளை. கெஞ்சிக் கொஞ்சித் திறக்க வைத்தாள். கம்ப்யூட்டரில் பார்த்த அதே வாய்.

உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் எழிலரசிக்கு வந்தது சந்தோஷம். பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமை முந்திக்கொண்டு நாக்கில் வந்து உட்கார்ந்தது.

காவ்யாவின் அம்மா கற்பகம் பள்ளிக்கூடத்து வாசலில் மற்றத் தாய்மார்களோடு நின்றிருந்தாள். எழிலரசி அவளைத் தனியாக வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனாள்.

"பாப்பாவுக்கு வலிப்பு மாத்திரை குடுக்கறீங்களாம்மா?"

கற்பகத்தின் முகம் வெளுத்துவிட்டது. "யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. ஈறே சொல்லுது. பயப்படாதீங்க, இது வியாதி இல்ல. அந்த மாத்திரையாலதான் ஈறு இப்பிடி வளருது."

கற்பகம் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "வெளில சொல்லிடாதம்மா. பெரியவ திலகவதிக்கு ஆவணியில கல்யாணம். இந்த வீட்டுல வலிப்பு கீதுன்னு தெரிஞ்சா சம்பந்தம் பேசினவங்க ஓடியே பூடுவாங்க. உன்ன கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

எழிலரசி சத்தியம் செய்து கொடுத்தாள். மதிப்பெண் எழுதின தாளில் மட்டும் விவரத்தைக் குறித்துவிட்டு, டாக்டரிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். சத்தியத்தைக் காப்பாற்றுகிற நல்லவள் என்று தன்னைப் பற்றித் தானே நினைத்துக்கொண்டு அன்று நன்றாகத் தூங்கினாள்.

ஆவணி பிறந்தது. ஒரு காலையில் களம்பூர் முகாமுக்குப் போக எழிலரசி பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். பூக்கடையில் கை நிறையப் பூவோடு கற்பகம். எழிலரசியைப் பார்த்ததும் ஓடி வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி.

"உன்னத்தான் நெனச்சுகினே இருந்தேன். இன்னிக்கு மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வராங்க. முகூர்த்தப் புடவைய தறியில இருந்து அவங்க எதிர்லதான் அறுக்கணும், எங்க வூட்டு வழக்கம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீ சொன்னதுல இருந்து பாப்பாவுக்கு மாத்திரைய நிறுத்திட்டோம்மா. கல்யாணத்துக்குள்ள ஈறு வத்திடும்ல? போட்டோவுக்கு வாய மூடாம நிக்கட்டும் புள்ள."

எழிலரசி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நான் நிறுத்தச் சொல்லலியேம்மா!"

"மாத்திரையாலதான் வளருதுன்னு சொன்னியே. அப்ப நிறுத்தினா வத்திடும்ல? நேரமாவுது, வரேன்" என்று கற்பகம் ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

எழிலரசி எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து மாணிக்கவேலைக் கூப்பிட்டாள். நடந்ததை உளறிக் கொட்டினாள்.

"எவ்வளவு நாளாச்சு நிறுத்தி?"

"தெரியல சார். கொஞ்ச நாளா."

"வலிப்பு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா வலிப்பு பழையபடி வராது, அதைவிட மோசமா வரும். விடாம வந்துச்சுன்னா உயிருக்கே ஆபத்து. ஓடு. இப்பவே மாத்திரையைக் குடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போகச் சொல்லு. உன்னை யாரு வாயைத் திறக்கச் சொன்னது?"

எழிலரசி ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தாள். களம்பூர் பஸ் வந்தது, போனது. அவள் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தாள்.

நெசவாளர் தெருவில் அன்று பாவு போட்டிருந்தார்கள். தெரு நீளத்துக்கும் பட்டு நூலை இழுத்துக் கட்டி, ஆண்கள் குச்சிகளோடு நின்று இழை பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாவு விரித்திருக்கும் தெருவில் சைக்கிள்கூடப் போகாது. எழிலரசி சுவரோரமாக ஒட்டி ஒட்டி நடந்து காவ்யாவின் வீட்டை அடைந்தாள். காவ்யாவின் அப்பா சம்பந்தம், சொந்தத் தறிகள் வைத்திருக்கிறவர். வாசலில் செருப்புகள் நிறைந்து கிடந்தன. அவள் படிக்குக் கீழேயே நின்றாள். அந்தத் தெருவில் எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை.

கற்பகம் பார்த்துவிட்டுப் பதறிப் போய் வெளியே வந்தாள். உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மாள், "யாருங்க அது?" என்றாள்.

"பூக்காரப் பொண்ணுங்க. பாக்கிப் பூ குடுக்க வந்துகீது" என்றாள் கற்பகம், கண் சிமிட்டாமல்.

எழிலரசி அவள் காதருகே போனாள். "அம்மா, உசுருக்கு ஆபத்தும்மா. டாக்டரே சொன்னாரு. இப்பவே மாத்திரைய குடுங்க, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க."

"ராத்திரி குடுக்கறேன். இப்ப போ."

"ராத்திரி வரைக்கும் தாங்காதும்மா."

"பேஜார் பண்ணாத. புடவை அறுத்து முடிச்சதும் அவங்க கெளம்பிடுவாங்க. சத்தியம் பண்ணிகீற, ஞாபகம் வெச்சுக்கோ."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று எழிலரசிக்குக் கோபம் வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது? சோற்றைப் பரிமாறியது அவளேதான். கதவு வழியாகப் பார்த்தாள். காவ்யா பாவாடை சட்டையில், தண்ணீர் தம்ளர் தட்டோடு விருந்தாளிகளைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். யாரோ என்னவோ கேட்க, பிள்ளை வாயைப் பொத்த மறந்து சிரித்தது. தறியின் பக்கத்தில் மணப்பெண் திலகவதி தலை குனிந்து நின்றாள். சம்பந்தம் கத்தியில் சந்தனம் தடவி எடுத்தார்.

தட்டு விழுந்தது. தம்ளர்கள் நாலாபுறமும் உருண்டன.

பிள்ளை தரையில் விழுந்து வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகிக்கொண்டது. "இரும்பு கொண்டாங்க, சாவி கொண்டாங்க!" என்று ஒருவர் கத்தினார். ஒருத்தி பல்லுக்கு நடுவில் கரண்டியை நுழைக்கப் போனாள். எழிலரசி படியேறி, கூட்டத்தைப் பிளந்து உள்ளே போனாள். கரண்டியைத் தட்டிவிட்டு, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலைக்கடியில் தன் துப்பட்டாவைச் சுருட்டி வைத்தாள்.

"என்னங்க இது? முன்னாடியே கீதா?" என்றாள் ராஜம்மாள்.

"இல்லீங்க, மயக்கங்க" என்றார் சம்பந்தம். "காலைல இருந்து ஒண்ணும் சாப்புடல. கற்பகம், உள் ரூமுக்குத் தூக்கு. கதவச் சாத்து. சரியாப் பூடும்."

கற்பகம் பிள்ளையைத் தூக்கக் குனிந்தாள். இழுப்பு நிற்கவில்லை, நிற்பதுபோல ஓய்ந்து, மறுபடி பிடித்துக்கொண்டது. பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. அந்த அறைக் கதவைச் சாத்தினால் மறுபடி திறக்கும்போது காவ்யா இருக்கமாட்டாள் என்று எழிலரசிக்குத் தெரிந்தது. அவள் எழுந்து உள்ரூம் கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"இது மயக்கம் இல்லீங்க!" என்று வீடே அதிரக் கத்தினாள். "வலிப்பு. பாப்பாவுக்கு எப்பவோ இருந்து கீது. மாத்திரைய நிறுத்தினதால இப்பிடி இழுக்குது. நான் பேசின பேச்சாலதான் நிறுத்தினாங்க. என்ன அப்புறமா அடிங்க, இப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!"

கற்பகம் அவளைப் பார்த்த பார்வையில் சாபம் இருந்தது. சம்பந்தம் கையில் கத்தியோடு மாப்பிள்ளை வீட்டாரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் அசையவில்லை.

அசைந்தது மணப்பெண். திலகவதி பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து தங்கச்சியின் கால் பக்கம் குனிந்தாள். "நீ தலைய புடி" என்றாள் எழிலரசியிடம். "ஜல்தி."

இரண்டு பெண்களும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். எதிரே பாவு. ஆட்டோ தெருமுனையில்தான் நிற்கும். ஒதுங்கிப் போகச் சுவரோரத்தில் மூன்று பேருக்கு இடமில்லை. இழை பிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர்கூட என்ன ஏது என்று கேட்கவில்லை. குச்சிகளோடு பாவைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார்கள். பட்டு இழைகளின் கீழே அவர்கள் குனிந்து ஓடினார்கள். பின்னாலேயே சம்பந்தம் மேல்துண்டு விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடி வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். இழுப்பு அடங்கவில்லை. மறுபடி போட்டார்கள். என்ன மாத்திரை, எப்போது நிறுத்தினீர்கள் என்று டாக்டர் கேட்டபோது சம்பந்தம் வாய் திறக்கவில்லை. திலகவதிதான் எல்லாவற்றையும் சொன்னாள். வேலூருக்குக் கொண்டுபோகும் வேனில் ஏற்றுகிறபோது பிள்ளையின் கை இழுப்பு விட்டுத் துவண்டிருந்தது. நல்லதா கெட்டதா என்று தெரியாமல் எழிலரசி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிழைத்துக்கொண்டாள் என்ற செய்தி மறுநாள்தான் வந்தது. அதைக் கேட்டதும் அவள் முகாம் கருவிகளைக் கழுவும் தொட்டியருகே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ராஜம்மாள் வீட்டார் அன்று காபி குடிக்காமல் போனவர்கள்தான். பிறகு தரகர் மூலம் சொல்லியனுப்பினார்கள். கல்யாணம் நின்றது. முகூர்த்தப் புடவை அறுக்கப்படாமல் தறியிலேயே கிடந்ததாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

மாணிக்கவேல் எழிலரசியை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஒரு நாள் முழுக்கத் திட்டினார். அதற்குப் பிறகு எல்லப்பனைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் பாடத்தில் அந்தப் படத்துக்குக் கீழே தமிழில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதை முதலில் சொல்லவும். அடுத்தடுத்து வந்த பெண்களுக்கு எழிலரசிதான் பயிற்சி கொடுத்தாள். அந்த வரியை வாய்விட்டுப் படிக்காமல் யாரையும் அடுத்த படத்துக்குப் போகவிட மாட்டாள். கறார் பேர்வழி என்று பேரெடுத்தாள்.

தை மாசத்தில் ஒரு காலை, எழிலரசி வேலை பார்த்த பல் ஆஸ்பத்திரியில் தாய்மார்களின் வரிசை சுவரைத் தொட்டு நின்றது. வரிசையின் நடுவில் கற்பகமும் காவ்யாவும். வேலூரில் வேறு மாத்திரைக்கு மாற்றியிருந்தார்கள். ஈறைச் சுத்தமாக வைத்துக்கொள்ளப் பல் டாக்டரிடம் போகச் சொல்லியிருந்தார்கள். ஊரில் வேறு பல் டாக்டர்களும் உண்டு. பிள்ளை நாற்காலியில் ஏறி வாயைத் திறந்தது. கற்பகம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உன்னால ஒரு பொண்ணு உசுரோட கீறா" என்றாள். "உன்னால ஒரு பொண்ணு வூட்டோட கீறா. உன்ன கும்புடறதா திட்டறதான்னு தெரியாமத்தான் இத்தினி நாளா வரல."

எழிலரசி டார்ச்சை அணைத்தாள். மன்னிப்பு கேட்கலாம் என்றுதான் வாயெடுத்தாள். ஆனால் வந்தது வேறு.

"ரெண்டுமே பண்ணுங்கம்மா, நான் வேணாங்கல. மொதல்ல சொல்லுங்க, மாத்திர நேரத்துக்குக் குடுக்கறீங்களா?"

கற்பகம் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, காலையில் ஒன்று பிரித்திருந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். வரிசையில் நின்ற தெருக்காரப் பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கற்பகம் கையை மூடிக்கொள்ளவில்லை.